சிறை கண்ட சீமாட்டி ஆனி மஸ்கரீன்

தேர்தல் வந்தால் நம் கிருஷ்ணன்கோவில் சுவர்களெல்லாம் சின்னங்களாகிவிடும். ஆயினும் அரசியல் பெண்களுக்கு ஆகாது, கிறிஸ்தவர்களுக்கு ஜெபமே போதும் என்று சில பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். ஆனி மஸ்கரீன் அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை.

1902இல் திருவனந்தபுரத்தில் இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். முதுகலைப் பட்டம் பெற்று, இலங்கையில் ஆசிரியையாகப் பணியாற்றி, பின் சட்டமும் பயின்றார். நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அன்றைய திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் கை ஓங்கியிருந்தது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி இல்லை. அதைக் கேட்டுப் போராடிய ஸ்டேட் காங்கிரசில் 1938இல் சேர்ந்தார். 1939 முதல் 1947 வரை பலமுறை சிறை சென்றார். கன்னியாகுமரியும் அன்று அந்த இராஜ்யத்தில்தான் இருந்தது. எனவே அம்மையார் நமக்கு அயலார் அல்லர்.

அரசியல் நிர்ணய சபையின் 15 பெண்களில் இவரும் ஒருவர். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது அச்சபையே.

எங்களை மிகவும் கவர்ந்தது 1951–52 பொதுத் தேர்தல். எக்கட்சியையும் சாராது, சுயேச்சையாக நின்று, திருவனந்தபுரத்தில் வென்றார். இன்றைய கேரளப் பகுதியிலிருந்து மக்களவை சென்ற முதல் பெண் இவரே. கிறிஸ்தவர் வாக்குகள் மட்டுமே விழுந்திருந்தால் அங்கே வெற்றி ஏது?

1963இல் மறைந்த அம்மையாருக்குத் திருவனந்தபுரம் வழுதக்காட்டில் சிலை உள்ளது. அடுத்த கல்விச் சுற்றுலாவில் அதைக் காண வேண்டுமென்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம்.