கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

பகவான் வர்த்தமான மகாவீரரின் திருப்பெயரைத் தாங்கிய சான்றோர் பலருள், கணித உலகம் இன்றும் போற்றும் பெருமைக்குரியவர் மகாவீராசாரியர். இராட்டிரகூடப் பேரரசர் அமோகவர்ஷ நிருபதுங்கர் (கி.பி. 814–878) ஆட்சியில் கன்னட நாட்டில் வாழ்ந்த திகம்பர ஜைனர். தம் வாழ்வைப் பற்றி அவர் ஏதும் எழுதி வைத்தாரில்லை. அவர் இயற்றிய நூலே அவரது வரலாறாக நிற்கின்றது.

அந்நூல், ஏறத்தாழ கி.பி. 850-இல் வடமொழியில் எழுந்த கணித சார சங்கிரகம். ஒன்பது அதிகாரங்களைக் கொண்டது. ஜினேந்திர வணக்கத்துடன் தொடங்குவது. முன்னோர் பலர் கணிதத்தை வானநூலின் ஓர் உறுப்பாகவே கூறிச் சென்றனர். ஆசாரியரோ கணிதத்துக்கென்றே தனி நூல் செய்தார். ஏகம் முதல் மகாக்ஷோபம் ஈறாக 24 எண் இடங்களுக்கும் பெயர் கூறினார்.

பேரெண்களில் மறைந்து கிடக்கும் ஒழுங்கைக் கண்டு மகிழ்ந்தவர் அவர். 27994681 என்னும் எண்ணை 441-ஆல் பெருக்குமாறு பணிக்கின்றார். விடை 12345654321. ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி, மீண்டும் ஒன்று வரை இறங்கும் இவ்வெண், இடமிருந்து படிப்பினும் வலமிருந்து படிப்பினும் மாறாதது. மணிகள் கோத்த மாலை போன்றது.

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். 441 என்பது 21-இன் வர்க்கம். 27994681 என்பது 5291-இன் வர்க்கம். 21-ஐ 5291-ஆல் பெருக்கினால் 111111 கிடைக்கும். ஆகவே அம்மாலை எண் 111111-இன் வர்க்கமேயாம். அந்த 111111-ஓ 3, 7, 11, 13, 37 என்னும் ஐந்து பகா எண்களின் பெருக்கம். தோற்றத்தில் வியப்பாயிருப்பது ஆராய்ச்சியில் ஒழுங்காய் விளங்குகின்றது.

அறுசுவைகளை எத்தனை வகையாகச் சேர்க்கலாம் என வினவி, அதற்குரிய பொது விதியையும் அவர் வகுத்தார். தனிச்சுவை முதல் ஆறும் கூடியது வரை 63 வகையாம். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதையும் தெளிந்துரைத்தார்.

எனினும், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்று அவர் கூறியது பிழை. பிற்காலக் கணிதம் இதனை ஏற்கவில்லை. இதனை மறைத்தல் நமக்கு அழகன்று. உள்ளதை உள்ளவாறு அறிதலன்றோ நன்ஞானம்! அவர் பெருமை இதனால் குன்றாது.

பதினொன்றாம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். 1912-இல் பேராசிரியர் மா. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். அதன் வாயிலாக மேனாட்டறிஞர் பலர் ஆசாரியரின் அருமையை உணர்ந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்நூலை அழியாமற் காத்தவர்கள், ஏட்டைப் படியெடுத்துப் பேணிய பெயரறியா அன்பர்களே.

நம் இல்லங்களில் உறங்கும் ஏடுகளையும் அவ்வாறே காப்பது நம் கடமை. இன்று மாலையே நம் சிறார்களிடம் அம்மாலை எண்ணைப் பெருக்கிக் காணச் சொல்வோமாக! சுருத தானத்தின் சிறு தொடக்கமாக அது அமையட்டும்.