ஈரக் கரியை எரித்தவர்

நூறு டாலர் நோட்டைப் பார்த்திருக்கீங்களா? அதில் மீசை வைத்த ஒருவர் இருப்பார். அவர்தான் ஜான் மொனாஷ். மெல்பர்னில் மொனாஷ் பல்கலைக்கழகம் இருக்கு இல்லையா? அதுக்கும் அவர் பெயர்தான்.

மொனாஷ் 1865-ஆம் ஆண்டு மெல்பர்னில் பிறந்தார். அப்பா, அம்மா ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். வீட்டில் ஜெர்மன், வெளியே ஆங்கிலம். உங்களை மாதிரியே இரண்டு மொழி! நன்றாகப் படித்துப் பொறியாளர் ஆனார். பாலங்கள் கட்டினார்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. ஆஸ்திரேலியா ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்டது. மொனாஷ் குடும்பத்தின் மொழி ஜெர்மன். அதனால் சிலர் அவரைச் சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் 1918-இல் பிரான்சில் ஆஸ்திரேலியப் படைக்கே அவர் தலைவர் ஆனார். போர்க் கதை ரொம்பப் பெரிசு. நாம் கரிக் கதைக்குப் போவோம்.

அப்போது விக்டோரியா மாநிலத்துக்கு நியூ சவுத் வேல்ஸிலிருந்துதான் கப்பலில் நிலக்கரி வரும். அங்கே சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால், இங்கே கரி கிடைக்காது. ஆனால் மெல்பர்னுக்குக் கிழக்கே, லாட்ரோப் பள்ளத்தாக்கில், மண்ணுக்கு அடியில் ஏராளமாகப் பழுப்பு நிலக்கரி இருந்தது. தமிழ்நாட்டில் நெய்வேலியில் எடுக்கிறார்களே, அதே வகைதான். யலோர்ன் என்ற இடத்தில் அதைத் தோண்டி, எரித்து, மின்சாரம் எடுக்க வேண்டும். 1920-இல் அந்தப் பொறுப்பு மொனாஷிடம் வந்தது.

வேலை தொடங்கிய பிறகுதான் ஒரு பெரிய சிக்கல் தெரிந்தது. கரி, நினைத்ததைவிட மிகவும் ஈரம்! பத்து கிலோ கரி எடுத்தால், அதில் 6 கிலோவுக்கு மேல் தண்ணீர். ஈர விறகு எப்படி எரியும்? புகைதான் வரும். அரசாங்கம் நிறையப் பணம் போட்டாச்சு. எல்லாம் வீணா என்று பலர் கேட்டார்கள். மொனாஷ் பின்வாங்கவில்லை. ஈரக் கரியையும் எரிக்கும்படி அடுப்புகளை மாற்றி அமைத்தார்கள். 1924-இல் யலோர்ன் மின்சாரம் மெல்பர்னுக்கு வந்தது. கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாகவும் செய்தார்கள். அதற்கு இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஜெர்மனியிலிருந்து!

கரியின் ஈரத்தைப் போக்க இன்னொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வடை மாவைச் சூடான எண்ணெயில் போட்டால் குமிழி குமிழியாக வருமே, அது மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போவது. 1980-களில், யலோர்னுக்குப் பக்கத்தில் மோர்வெல் என்ற ஊரில், ஜப்பான்காரர்கள் இதையே கரியில் செய்தார்கள். கரிப் பொடியை எண்ணெயில் கலந்து சூடாக்கினார்கள். முதலில் தண்ணீர் போகும். ஹைட்ரஜன் வாயு சேர்த்து, நல்ல அழுத்தத்தில் இன்னும் இன்னும் சூடாக்கினால், கரியே எண்ணெயில் கரைந்துவிடும்! கல் மாதிரி இருந்த கரியிலிருந்து எரிபொருள் எண்ணெய் கிடைக்கும்.

மொனாஷ் அதைப் பார்க்கவில்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி அவர் இறந்தார். மெல்பர்ன் தெருக்களில் இரண்டரை லட்சம் பேராவது கூடினார்கள். அரசர் கொடுத்த பட்டம், படைத் தலைவர் பதவி எல்லாம் அவருக்கு இருந்தன. ஆனால் அவருடைய கல்லறையில் ஜான் மொனாஷ் என்ற பெயர் மட்டும்தான் இருக்கிறது.