புதுக்கோட்டையிலிருந்து வந்த மாணவி: டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், எம் கல்லூரி அன்னை பெற்றெடுத்த பெண்மணிகள் பலரைப் பற்றி இம்மலரில் பலரும் எழுதுகின்றனர். நாம் எழுத எடுத்துக்கொண்டவர் எமது கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் பல்கலைக்கழகப் படிவத்தை நிரப்பும் எம் மாணவி ஒவ்வொருத்தியும், ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் ஒவ்வொருத்தியும் அறிந்திருக்க வேண்டியவர். மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட எமக்கோ அவர் ஒரு முன்னோடி. டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் தேவதாசி ஒழிப்பும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றுக்கெல்லாம் முன்னர், அவர் கல்லூரி அனுமதி கேட்டு நின்ற ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றியே இங்கு கூடுதலாகப் பேச விரும்புகிறோம்.

1886ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். அன்றைய புதுக்கோட்டை பிரித்தானியரின் சென்னை மாகாணத்துக்குள் அடங்கியதன்று. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். அதற்கெனச் சொந்த நிர்வாகமும் நீதிமன்றமும் இருந்தன. அம்மன் காசு என்ற சொந்த நாணயமும் இருந்தது. சுற்றிவர பிரித்தானிய மாவட்டங்கள் இருக்க, நடுவே ஒரு தீவு போல அது கிடந்தது. 1948இல்தான் அது இந்தியாவுடன் இணைந்தது.

தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபராகப் பணியாற்றிய கல்விமான். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக ஐயரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். ஆக, முத்துலட்சுமி பிறந்தபோதே ஒரு பக்கத்துச் சொந்தம் இல்லாத பிள்ளை. தாயின் பக்கத்தையோ ஊர் வேறு கண்ணால் பார்த்தது. எந்தக் கூட்டத்துக்குள்ளும் முழுமையாகச் சேராத நிலை அவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. பிற்காலத்தில் யாருக்காக அவர் பேசினார் என்பதை விளங்கிக்கொள்ள இது அவசியம்.

பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரியாக இருந்தார். பருவமடைந்ததும், அக்கால வழக்கப்படி பள்ளிக்குப் போவது நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. மகளுக்கு வேளையோடு கலியாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது தாயின் விருப்பம். தாயைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. தன் குலத்துப் பெண்களின் கதி எப்படி முடியும் என்பதைக் கண்ணால் கண்ட பெண், மகளுக்குப் பாதுகாப்பான ஒரு வாழ்வைத் தேடியதில் வியப்பென்ன? ஆனால் மகள் கேட்டது வேறு. 1902இல், பதினாறு வயதில், மெற்றிக்குலேசன் பரீட்சையில் சித்தியடைந்தார்.

அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்தது மகாராஜா கல்லூரி ஒன்றே. அது ஆண்களுக்கானது. தந்தை அதிபராக இருந்த கல்லூரியே ஆனாலும், மகளின் விண்ணப்பம் போனதும் எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுப்போகும் என்றார்கள். தாயின் குலத்தையும் இழுத்தார்கள். பரீட்சைப் பெறுபேற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாதபோது மனிதர் எதைத் தேடுவார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம். முடிவு மன்னரிடம் போனது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு, அவரைச் சேர்க்கச் சொன்னதுடன் புலமைப்பரிசிலும் வழங்கினார். 1904இல் ஆண்கள் கல்லூரி ஒன்றில் மாணவியாக அவர் நுழைந்தார். மூடு வண்டியில் வந்து, வகுப்பில் திரைக்குப் பின்னால் இருந்து பாடம் கேட்டார். உடல்நலமும் அடிக்கடி குறுக்கிட்டது. அத்தனையையும் தாண்டி இடைநிலைப் படிப்பை முடித்தார்.

இங்கு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கதவு திறந்தது உண்மை. ஆனால் அதைத் திறந்தது ஒரு மன்னரின் நல்லெண்ணம். அவர் அன்று மறுத்திருந்தால் முறையிட வேறு இடம் இருந்திராது. பெண் பிள்ளைக்கு இடம் உண்டு என்று எந்த விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. கிடைத்தது தயவு. அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டவர், அடுத்து வரும் பிள்ளைகள் தயவை நம்பி நிற்கக் கூடாது என்பதையும் அப்போதே கண்டிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. அவருடைய பின்னாளைய வேலைகள் எல்லாம் அத்திசையிலேயே போயின.

மருத்துவம் படிக்கச் சமஸ்தானத்துக்குள் வழியில்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால், வேறோர் ஆட்சியின் கீழிருந்த சென்னைக்கே போக வேண்டும். அரசாங்கம் நடத்திய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு இந்த வகையில் ஒரு நல்ல மரபு இருந்தது. 1875இலேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களை அது சேர்த்திருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1882இல் வங்காளத்திலிருந்து அபலா தாஸ் என்ற மாணவி வங்க அரசின் புலமைப்பரிசிலுடன் சென்னைக்கு வந்து படித்தார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காமல் திரும்பிய அவரே, பின்னர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியாகவும் பெண் கல்விக்கு உழைத்தவராகவும் அறியப்பட்டார். சொந்த மாகாணம் மறுத்ததை அயல் மாகாணம் கொடுத்தது.

எம்மவருக்கும் இது புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது அதன் முதலாவது பீ.ஏ. பரீட்சையில் சித்தியடைந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர்: சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். கடல் கடந்து போனவர்களே அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். அந்தத் தாமோதரம்பிள்ளை 1880களின் பிற்பகுதியில் நீதிபதியாக அமர்ந்திருந்த இடமும் புதுக்கோட்டைதான். முத்துலட்சுமி அப்போது சிறு குழந்தை.

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வெளியூரிலிருந்து மருத்துவபீடத்துக்குப் போன எவருக்கும் அந்த முதல் வருடம் எப்படியிருக்கும் என்று தெரியும். உடற்கூற்றியல் பாடத்தின் பாரம் ஒருபுறம். தங்குமிடம், சாப்பாடு, பணம், பேச்சுத் துணை என்று மறுபுறம் ஆயிரம் கவலைகள். உள்ளூர்ப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுப் படிக்க உட்காரும் நேரத்தில், வெளியூர்ப் பிள்ளை இன்னும் அலைந்துகொண்டிருப்பாள். பெண்கள் சொற்பமாக இருந்த கல்லூரியில், சமஸ்தானத்துப் பெண்ணாக, பேச்சுக்கு இடமான குலத்தவளாக இருந்து படித்த முத்துலட்சுமி, 1912இல் பரிசில்களும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டதாரியானார். சென்னை அரசினர் மகப்பேற்று, கண் வைத்தியசாலையில் முதலாவது பெண் உள்ளக வைத்தியராகவும் பணி செய்தார். மாணவப் பருவத்திலேயே சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ற் அம்மையார் போன்றோரின் பழக்கம் கிட்டியதும் சென்னை தந்த கொடை.

1914இல் டொக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சடங்குகளை விலக்கி, 1872ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தின்படி நடந்த மணம் அது. தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை முன்வைத்தே அவர் சம்மதித்தார். 1925இல் அரசாங்கப் புலமைப்பரிசிலுடன் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகளின் நோய்கள் பற்றி மேற்படிப்பு மேற்கொண்டார். 1926இல் பாரிஸில் நடந்த அனைத்துலக மகளிர் மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

நாடு திரும்பியதும் இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை ஒன்றின் முதலாவது பெண் உறுப்பினர் அவரே. சபையின் உப தலைவராகவும் தெரிவானார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட விடயங்களைப் பாருங்கள். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில். வறிய பெண்பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணச் சலுகை. பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தும்படி பரிந்துரை. தான் மாணவியாக இருந்தபோது எது எது தடையாக நின்றதோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாக அரசாங்கக் கோவைக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்றே எமக்குத் தோன்றுகிறது. இந்தியாவின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டொக் குழுவிலும் உறுப்பினராக இருந்து, பல மாகாணங்களுக்கும் சென்று பெண் கல்வியின் நிலையைக் கண்டறிந்தார். காந்தியடிகள் 1930இல் கைதானபோது சபைப் பதவியைத் துறந்தார்.

கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக அவர் தொடங்கிய சட்ட முயற்சி, 1947இல்தான் முழுமையான சட்டமாக நிறைவேறியது. அந்தப் போராட்டத்தில் அவருக்கு எதிராக மனுக் கொடுத்தவர்களுள் அச்சமூகத்துப் பெண்களும் இருந்தனர். தங்கள் நிலமும் கலையும் மதிப்பும் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் வெறுங்கற்பனையன்று. இன்று எம் மேடைகளில் பரதம் ஆடும் பிள்ளைகள், அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதேவேளை, பராயமடையாத ஒரு சிறுமியின் உடலைப் பற்றி அவளைக் கேளாமல் பிறர் முடிவெடுப்பதை மருத்துவர் ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதும் எமது நிலைப்பாடு.

சட்டம் பேசியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1930இல் அந்த வாழ்விலிருந்து தப்பி வந்த இளம் பெண்கள் மூவர் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். படிக்க விரும்பிய அவர்களுக்கு விடுதியில் இடம் தேடினார். சாதிவாரியாக நடந்த விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. தான் பதினெட்டு வயதில் கேட்டுப் பழகிய அதே மறுப்பு. இம்முறை முடிவுக்காக எந்த மன்னரிடமும் அவர் போகவில்லை. அப்பெண்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித் தொடங்கியது. சாதி கேளாமல், பிறப்புக் கேளாமல், ஆதரவற்ற பெண்பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்துப் படிக்க வைக்கும் அவ்வில்லம் பின்னர் அடையாறில் நிலைபெற்றது.

தங்கை ஒருவரை இளம் வயதிலேயே புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டு அகலவில்லை. புற்றுநோய் என்றால் மரணந்தான் என்று கைவிடப்பட்ட காலத்தில், அதற்கென்று தனி வைத்தியசாலை வேண்டும் என்று ஓயாமல் கேட்டார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 கட்டில்களுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. மகன் டொக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டியெழுப்பினார். பிற்காலத்தில் எம் நாட்டு நோயாளர் பலரும் கடல் கடந்து சென்று அங்கே சிகிச்சை பெற்றிருக்கின்றனர். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி அம்மையார், 1968 யூலை 22ஆம் திகதி காலமானார்.

இன்று எம் பிள்ளைகளின் பல்கலைக்கழக அனுமதியை மன்னர் எவரும் தீர்மானிப்பதில்லை. இலங்கை மருத்துவக் கல்லூரி 1892இலேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. இன்று மருத்துவபீட அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று விதி எழுதப்பட்டிருக்கிறது. அவ்விதியைப் பற்றி எமக்குள் நீண்ட காலமாக வாதங்கள் உண்டு. அதன் முன்னோடியான தரப்படுத்தல் விட்ட காயங்களும் உண்டு. ஆனாலும் அது எழுதப்பட்ட விதி. அதை வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம், மாற்றும்படி கோரலாம். தயவைக் கேள்வி கேட்க முடியாது.

ஆனால் விதி இடத்தை மட்டுமே கொடுக்கும். முல்லைத்தீவிலிருந்து றுகுணுவுக்கும், நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், மன்னாரிலிருந்து பேராதனைக்கும் போகும் பிள்ளைக்கு முதல் மாத வாடகையையும் புத்தகத்தையும் ஒரு நல்ல அறையையும் விதி கொடுக்காது. அவ்வை இல்லம் செய்தது அந்த மிச்ச வேலையைத்தான். எமது சங்கத்தில் ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலும், பல வெளிநாடுகளிலும் அங்கத்தவர் இருக்கிறோம். புதிதாக ஓர் ஊருக்குப் படிக்கப் போகும் எம் கல்லூரிப் பிள்ளைக்கு, அந்த ஊரில் உள்ள பழைய மாணவி ஒருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் முன்கூட்டியே கையில் கிடைக்க வேண்டும். முதல் வருடத்துக்கு ஒரு சிறு உதவித்தொகையும் சேர்ந்தால் நல்லது. இரண்டாவது நூற்றாண்டின் முதல் வேலையாகச் சங்கம் இதை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை எந்தச் சமூகம், எந்தக் குடும்பம் என்று கேளாமல் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நாம் வைக்கும் நிபந்தனை.