தொண்டர் பயார்டு ரஸ்டின்

உலகத்திலே பெருங் காரியங்கள் நிறைவேறும்பொழுது மேடைமீது நின்று பேசினவர் பெயரே மக்கள் நாவில் நிலைக்கிறது. இரவும் பகலும் உழைத்து அக்காரியத்தை உருவாக்கினவரை அறிவார் சிலரே. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி வாஷிங்டன் மாநகரிற் கூடிய பேரணியையும், அன்று மார்ட்டின் லூதர் கிங் நிகழ்த்திய பிரசங்கத்தையும் நம்மிற் பலர் அறிவோம். அப்பேரணியைக் கூட்டிவைத்த பயார்டு ரஸ்டின் என்பாரைப் பற்றி நாம் கேட்டது மிகக் குறைவு. அவர் கறுப்பினத்தவர், அத்துடன், ஆடவர்பால் அன்பு கொள்ளும் இயல்புடைய ஆடவர். முதற் காரணத்தால் வெள்ளையர் அவரை ஒதுக்கினர். இரண்டாவதன் பொருட்டுத் தம்மவரே அவரை மறைத்தனர். இவ்விரண்டையும் தாங்கி அவர் ஆற்றிய தொண்டினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ரஸ்டின் 1912-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் தேதி, அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து வெஸ்ட் செஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஜானிபரும் பாட்டியார் ஜூலியாவுமே அவரை வளர்த்தனர். பெற்ற தாயைத் தமக்கையென்றே அவர் சிறு வயதில் எண்ணியிருந்தார். பாட்டியார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையாரின் நெறியிற் பற்றுடையவர். மனிதர் யாவரும் ஒரே குடும்பத்தார், ஒருவரையும் ஹிம்சித்தல் தகாது என்னும் கொள்கையைப் பேரனுக்கு இளமையிலேயே ஊட்டினார். ரஸ்டின் பள்ளியில் விளையாட்டு வீரராகவும் இனிய குரலுடைய பாடகராகவும் விளங்கினார். அவ்வூர்ச் சினிமாக் கொட்டகையில் வெள்ளையருக்கென ஒதுக்கிய இடத்தில் அமர்ந்ததற்காக மாணவப் பருவத்திலேயே கைதானார்.

1941-ஆம் ஆண்டு முதல் அவர் சமாதான சங்கமொன்றின் ஊழியரானார். அடுத்த ஆண்டில் லூயிவில்லிலிருந்து நாஷ்வில் செல்லும் பஸ்ஸில் பின்வரிசைக்குப் போக மறுத்தார். போலீஸார் அவரை அடித்து இழுத்துச் சென்றனர்; அவரோ எதிர்த்துக் கை ஓங்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்திற் படைச் சேவையை மறுத்தமையால் 1944 முதல் 1946 வரை சிறையிலிருந்தார். நம் தேசத்தின் விடுதலைக்காக அமெரிக்காவில் நடந்த கிளர்ச்சியிலும் ஈடுபட்டார். 1947-இல் வெள்ளையர் எண்மரும் கறுப்பினத்தார் எண்மருமாகத் தென் மாகாணங்களிற் பஸ்ஸில் ஒருங்கமர்ந்து பிரயாணம் செய்தபொழுது, வட கரோலினாவிற் கைது செய்யப்பட்டார்.

காந்தியடிகள் மறைந்த 1948-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரஸ்டின் நம் நாட்டிற்கு வந்து, சத்தியாக்கிரக நெறியை அடிகளின் சீடரிடமே கற்றார். திரும்பிச் சென்றவுடன், வட கரோலினா வழக்கில் விதிக்கப்பட்ட தண்டனையை ஏற்று, 1949-இல் 22 நாள் கைதிகள் கூட்டத்தோடு சாலை வேலை செய்தார். அங்குக் கண்ட கொடுமைகளைப் பத்திரிகையில் வெளியிட்டார்.

1953-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வாழ்விற் பேரிடி விழுந்தது. கலிபோர்னியாவிற் பாஸடீனா நகருக்குச் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தபொழுது, ஆடவரோடு கூடியிருந்தார் என்று போலீஸார் அவரைக் கைது செய்தனர். அக்காலத்துச் சட்டப்படி அது குற்றம். அறுபது நாட் சிறை விதிக்கப்பட்டது. முன்பு அவர் சிறை சென்றபொழுதெல்லாம் பாராட்டிய சமாதான சங்கத்தாரோடு இருந்த தொடர்பு இம்முறை அற்றது. அவர் வேலையும் போயிற்று. யுத்த எதிர்ப்பாளர் சங்கம் அவ்வாண்டிலேயே அவரை ஏற்றுக்கொண்டது.

1956-இல் மான்ட்கமரி நகரிற் கறுப்பின மக்கள் பஸ் பகிஷ்காரம் நடத்தி வந்தனர். தலைவர் கிங்குக்கு அப்பொழுது 27 வயது. அவர் இல்லத்தில் தற்காப்புக்கென வைத்த துப்பாக்கிகளும் இருந்தன. அகிம்சை போராட்ட உபாயம் மாத்திரமன்று, வாழ்க்கை நெறியுமாகும் என்பதை அவருக்கு எடுத்துரைத்தவர்களுள் ரஸ்டின் முக்கியமானவர். ஆயினும் 1960-இல், ரஸ்டினையும் கிங்கையும் இணைத்துப் பொய்யபவாதம் பரப்புவதாக ஆடம் கிளேட்டன் பவல் என்னும் அரசியல்வாதி அச்சுறுத்தினார். இவரும் கறுப்பினத்தவரே. கிங் ஒதுங்கினார்; ரஸ்டின் விலகினார். நண்பர் ஒதுக்கியது பகைவர் அடித்ததினும் கொடிதாயிருந்திருக்கும் என நாம் ஊகிக்கலாம். ஆனாலும் அவர் இயக்கத்தைப் பகைத்தாரல்லர்.

மூன்றாண்டு சென்று வாஷிங்டன் பேரணிக்கு ஏற்பாடு தொடங்கியபொழுது, ரஸ்டினைத் தலைமை அமைப்பாளராக்குவதற்குத் தலைவர் சிலர் அஞ்சினர். முதியவரான பிலிப் ராண்டால்ப் அப்பதவியைத் தாம் ஏற்று, ரஸ்டினைத் துணைவராக நியமித்து, முழுப் பொறுப்பையும் அவரிடமே ஒப்புவித்தார். இருந்த காலம் ஏறக்குறைய இரண்டு மாதம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பஸ்களுக்கும், தனி ரயில்களுக்கும், குடிநீருக்கும், கழிப்பிடங்களுக்கும், ஒலிபெருக்கிகளுக்கும் அவர் திட்டம் வகுத்தார். வெயிலிற் கெட்டுப்போகாத சிற்றுண்டி இன்னது என்பதையும் அவர் கவனியாமல் விடவில்லை. துப்பாக்கியின்றி ஒழுங்கு காக்கக் கறுப்பினப் போலீஸாரைத் தொண்டர்களாகப் பயிற்றினார். பேரணிக்கு முன் ஸ்ட்ராம் தர்மண்ட் என்னும் செனட்டர், 1953-ஆம் ஆண்டு வழக்கைச் சபையில் எடுத்துப் படித்து இழித்துரைத்தார். இம்முறை தலைவர்கள் ரஸ்டினைக் கைவிட்டாரல்லர். அவர்பால் தமக்குள்ள நம்பிக்கையை ராண்டால்ப் வெளிப்படையாக அறிவித்தார். ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கூடி அமைதியாகக் கலைந்தனர். அடுத்த ஆண்டிற் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது.

இறுதிக் காலத்தில் ரஸ்டின் தம்மையொத்தாரின் உரிமைக்காகவும் வெளிப்படையாக வாதாடினார். 1986-இல் நியூயார்க்கு நகரசபை அவர்களைப் பாரபட்சத்தினின்று காக்கும் சட்டத்தை ஆலோசித்தபொழுது அதனை ஆதரித்துச் சாட்சி கூறினார். தம் வாழ்க்கைத் துணைவரான வால்டர் நெகிளை மணப்பதற்கு அந்நாளிற் சட்டம் இடந்தராமையால், 1982-இல் அவரைச் சுவீகாரம் செய்துகொண்டார். 1987 ஆகஸ்டு 24-ஆம் தேதி தமது 75-ஆம் வயதிற் காலமானார். 2013-இல் அமெரிக்க ஜனாதிபதி அந்நாட்டின் உயரிய விருதை அவர் பெயருக்கு அளிக்க, நெகிள் அதனைப் பெற்றுக்கொண்டார். 2020-இல் கலிபோர்னியா கவர்னர் பழைய தண்டனைக்கு மன்னிப்பு வழங்கினார்.

நிற்க. இச்சரித்திரம் நமக்கு அந்நியமானதென்று எண்ணற்க. நம் போச்சம்பள்ளிப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஒரே சந்தையிற் கொண்டு விற்கின்றனர். வெளியூரார் பலரும் வந்து தொழிற்பேட்டைகளில் உழைக்கின்றனர். வேற்றுமையோடு வாழ அறிந்த நாம், திருநங்கையர் திருநம்பியரிடத்தும் தன்பால் ஈர்ப்புடையாரிடத்தும் மாத்திரம் அவ்வறிவை மறந்துவிடுகிறோம். கடைவாயிலிற் கைகொட்டி வாழ்த்தும் திருநங்கையின் ஆசியை விரும்பிப் பெறுகிறோம். அவர் வாடகைக்கு வீடு கேட்டாலோ, வேலை கேட்டாலோ, வகுப்பில் அருகே வந்து அமர்ந்தாலோ முகஞ் சுளிக்கிறோம். ஒருவர் தரும் பயனை ஏற்று அவரை மறைத்துவைக்கும் அப்பழைய குற்றம் இதுவேயன்றோ?

சட்டம் ஒருவாறு வழி திறந்துள்ளது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே தெரிவிக்கும் உரிமையை அங்கீகரித்தது. தன்பால் அன்பைக் குற்றமாக்கிய 1860-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு 2018 செப்டம்பர் 6-இல் வலிமையிழந்தது. எனினும் விடுதி அறையிலும், உணவுச் சாலையிலும், பெயர் சொல்லி அழைக்கும் முறையிலும் நீதி செய்ய வேண்டியவர் நீதிபதிகளல்லர், நாமே. ராண்டால்ப் ஒருவர் உறுதியாய் நின்றமையால் ரஸ்டினின் ஆற்றல் வீணாகவில்லை. ஏளனத்துக்கு அஞ்சிப் படிப்பை விட எண்ணும் தோழர் நம் வகுப்பிலே இருப்பின், அவர் பக்கத்தில் ராண்டால்பைப் போல் நிற்பது நம் கடமையாகும்.