கேள்விச் செல்வர்

தமிழில் கேள்வி என்னும் சொல் இருபொருள் உடையது. வினாவுதலும் கேள்வி, செவியால் கேட்டறிதலும் கேள்வி. திருக்குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்றலை நாம் அறிவோம். அங்குப் பேசப்படுவது செவிச்செல்வமாகிய கேள்வி. பிறரை வினவுவோர் உலகில் பலர். வினவியபின் விடையைப் பொறுமையோடு செவிமடுப்போர் சிலர். தக்க வினாவை வினவவும், வந்த விடையை முற்றக் கேட்கவும் ஒருங்கே வல்லவர் மிகச் சிலரே ஆவர். அத்தகையார் ஒருவருடைய தொடர்பு ஒரு மனிதரின் வாழ்க்கை நெறியையே மாற்றிவிடும். அங்ஙனம் மாற்றித் தமிழன்னைக்குப் பெருந்தொண்டு செய்வித்தவர் சேலம் இராமசுவாமி முதலியார்.

பழைய சேலம் மாவட்டத்தின் மேற்கெல்லையை ஒட்டிக் காவிரி ஓடுகிறது. பவானிக்கு எதிர்க்கரையில் அவ்வாற்றின் அருகே அமைந்தது குமாரபாளையம். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூர், 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டம் தனியே அமைக்கப்பெறும் வரையில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தே இருந்தது. குமாரபாளையத்தின் பக்கமாகச் செல்லும் காவிரிநீர் கிழக்கே சோழநாட்டிற் புகுந்து கும்பகோணத்தின் வயல்களைக் குளிர்விக்கிறது. அந்நீரைப் போலவே சேலத்திலிருந்து கும்பகோணம் சென்று, அங்கே தமிழ்ப் பயிர் தழைக்கச் செய்தார் நம் முதலியார்.

இராமசுவாமி முதலியார் 1852-ஆம் ஆண்டில், செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த குடியில் தோன்றினார். இளமையிலேயே கல்வியில் பெருவிருப்பம் உடையவராக விளங்கினார். ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்றுச் சட்ட நூல்களிலும் தேர்ச்சி எய்தி, முன்சீப் என்னும் நீதிபதிப் பதவியை அடைந்தார். ஆங்கிலம் கற்றோர் பலர் தாய்மொழியை மதியாதிருந்த காலம் அது. முதலியாரோ பழந்தமிழ் நூல்களின்பால் தணியாத வேட்கை கொண்டிருந்தார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலிய பெருநூல்களைத் தக்கார் ஒருவரிடம் பாடங் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அவா.

அவ்வவா நிறைவேறுதல் அந்நாளில் எளிதன்று. அந்நூல்களின் பெயரை அறிந்திருந்த புலவர்களும் அவற்றைக் கண்ணாற் கண்டதில்லை. அவை பனையேடுகளாய் ஆங்காங்கே வீடுகளிலும் மடங்களிலும் கிடந்தன. கறையானும் செல்லும் அவற்றை அரித்தன. ஏட்டின் அருமை அறியாதார் பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டனர். படிப்போர் இல்லாமையால் ஏடுகள் அழிந்தன; ஏடுகள் அழிந்தமையால் படிப்போர் மேலும் குறைந்தனர்.

1880-ஆம் ஆண்டில் முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றப்பெற்று வந்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் உ. வே. சாமிநாதையர் அந்நகரத்துக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் 1876 வரை பாடங் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவைப் பெற்றவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தூது, கோவை எனப் பற்பல நூல்களை ஐயந்திரிபறக் கற்றவர். பிள்ளையவர்களின் மாணாக்கர் என்று சொன்ன அளவிலேயே தமிழறிந்தோர் அவரை மதித்தனர். அவர் படித்த நூல்களின் வரிசையைக் கேட்டு வியந்தனர். தமிழில் கற்கவேண்டியவற்றுள் பெரும்பாலனவற்றைக் கற்றுவிட்டோம் என்னும் நிறைவு அவர் உள்ளத்தில் நிலைபெற்றிருந்தது.

முதலியாரின் தமிழார்வத்தைக் கேள்வியுற்ற ஐயர், அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவரைக் காணச் சென்றார். அப்போது முதலியாருக்கு வயது 28, ஐயருக்கு 25. யாரிடம் பாடங் கேட்டீர், என்னென்ன நூல்கள் படித்தீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தம் ஆசிரியரின் பெயரைச் சொன்னார். நூல்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறரெல்லாம் வியக்கும் இடங்களில் முதலியார் வியக்கவில்லை. இடைமறித்துப் பேசவுமில்லை. முழுவதையும் அமைதியாகக் கேட்டார். கேட்டு முடிந்தபின், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் கம்பராமாயணத்தையும் புராணங்களையும் கூறினார். அவற்றுக்கும் மூலமாய் நின்ற சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று அடுத்த வினா எழுந்தது.

இல்லை என்று சொல்வதன்றி ஐயரால் வேறு விடை கூற இயலவில்லை. ஏடு கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்க இயலும் என்று அவர் உரைத்தார். அவர் உள்ளத்தில் ஒருவகை ஏமாற்றமும் எழுந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வளவோடு அச்சந்திப்பு முடிந்திருக்குமாயின் அதனால் விளைந்திருக்கும் பயன் யாது? தம் கல்வியின் குறையைச் சுட்டிய செல்வர் ஒருவரை ஐயர் மனக்கசப்போடு நினைத்திருப்பார். அவர் வீட்டுப் படியைப் பின்னர் மிதித்திருக்க மாட்டார். கல்வியில் சிறந்தவர்களிடத்தும் கண்டனம் பெரும்பாலும் இத்தகைய விளைவையே தரும். முதலியார் அதனை நன்கு உணர்ந்தவர் போலும். ஐயர் படித்தவற்றை அவர் பாராட்டி நிறுத்தவில்லை. ஆயினும் ஐயரால் படிக்க இயலும் என்பதில் உறுதியான நம்பிக்கை வைத்தார். தாம் அரிதின் தேடி வைத்திருந்த சிந்தாமணிப் படியை ஐயரிடம் ஒப்புவித்தார். அதனைத் தமக்குப் பாடஞ் சொல்லவும் வேண்டினார். குறையைக் காட்டிய கையாலேயே அதனை நிறைக்கும் பொருளையும் எடுத்துக் கொடுத்தார். நீதி வழங்கும் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர், மாணாக்கராய் எதிரே அமர முன்வந்தார். கற்ற புலவர் ஒருவருக்கு இதனினும் உயர்ந்த மதிப்பு வேறு யாது உண்டு?

அன்று தொடங்கியது அரியதொரு தமிழ்ப் பள்ளி. அலுவல் ஒழிந்த வேளைகளில் முதலியார் பாடங் கேட்பார்; ஐயர் படித்துப் பொருள் சொல்வார். திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் சீவகன் வரலாற்றைப் பதின்மூன்று இலம்பகங்களில் கூறுவது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையது. அது சமணசமயக் காப்பியமாதலால், சைவ நூல்களிலேயே பழகிய ஐயருக்கு அதன் சமயக் கருத்துக்கள் புதியனவாய் இருந்தன. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் பல வந்தன. அவை எந்நூலைச் சார்ந்தவை என்பதும் விளங்கவில்லை. விளங்காத இடங்களுக்காக முதலியார் படிப்பை நிறுத்தவில்லை. பாடஞ் சொல்பவரைக் குறைவாக எண்ணவுமில்லை.

கேட்பவருடைய ஊக்கம் சொல்பவரைப் பற்றிக்கொள்ளும். தம் சொல்லுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அறிந்த ஐயர், ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பு பலமுறை நூலை ஆராயத் தொடங்கினார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று அவர்களுடைய சமய மரபுகளைக் கேட்டறிந்தார். அவர்கள் சிந்தாமணியைப் போற்றிப் பயின்று வருதலைக் கண்டு மகிழ்ந்தார். ஏட்டை ஏட்டோடு ஒப்புநோக்கினார். பாட வேறுபாடுகளைக் குறித்தார். சொற்களுக்கும் மேற்கோள்களுக்கும் அகராதி வகுத்தார். பிறர் பாராட்டில் நிறைவுற்றிருந்த கல்லூரி ஆசிரியர், கல்லாததை நாடித் திரியும் ஆராய்ச்சியாளர் ஆனார். இம்மாற்றத்தை எந்த ஆணையும் செய்யவில்லை. எந்தக் கடிந்துரையும் செய்யவில்லை. ஒருவருடைய பொறுமையான செவியே செய்தது.

முதலியார் கும்பகோணத்தில் நெடுங்காலம் தங்கவில்லை. முன்சீப் பதவியைத் துறந்து வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பிரியும் காலத்தில் சிந்தாமணி ஆராய்ச்சி நின்றுவிடலாகாது என்றும், அந்நூலை அச்சிட்டு உலகுக்கு வழங்க வேண்டும் என்றும் ஐயரை வற்புறுத்தினார். பிரிந்த பின்னரும் அத்தொடர்பு அறவில்லை.

முதலியாரின் தொண்டு தமிழோடு நின்றதன்று. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பொதுத்தேர்தல் நிகழவிருந்தது. இந்திய மக்களின் நிலையை அந்நாட்டு வாக்காளர்களுக்கு எடுத்துரைக்கும் பொருட்டு மூவர் அனுப்பப்பட்டனர். வங்காளத்தின் சார்பில் மன்மோகன் கோஷும், பம்பாயின் சார்பில் நாராயண கணேச சந்தாவர்க்கரும், சென்னையின் சார்பில் இராமசுவாமி முதலியாரும் கடல் கடந்து சென்றனர். பிறர் சொல்வதைக் கேட்கப் பழகியவரே தம் நாட்டினர் குறையைப் பிறர் கேட்குமாறு சொல்லவும் வல்லவராவர் என்பதற்கு அவர் ஒரு சான்று.

ஐயரின் உழைப்பு 1887-ஆம் ஆண்டில் பயன் தந்தது. சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது. முதல் சந்திப்பு நிகழ்ந்து ஏழாண்டுகள் கடந்திருந்தன. அந்நூலைத் தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. முதல் நாளில் முதலியார் பெயர் சொல்லி வினவிய மூன்று நூல்களும் இங்ஙனம் தமிழர் கைக்கு எட்டின. பின்னர் ஐங்குறுநூறும், பதிற்றுப்பத்தும், பரிபாடலும், குறுந்தொகையும் ஐயருடைய பதிப்பாக வந்தன. 1942-இல் தாம் மறையும் வரையில் ஐயர் ஏடு தேடுதலையும் ஆராய்தலையும் கைவிடவில்லை. அவரைத் தமிழ்த்தாத்தா என்று நாடு போற்றுகிறது.

முதலியாரோ அப்பெருவிளைவு முழுவதையும் காணும் பேறு பெற்றிலர். 1892-ஆம் ஆண்டில், நாற்பது வயதளவிலேயே அவர் உலகவாழ்வை நீத்தார். புறநானூறு அச்சேறியதையும் மணிமேகலை வெளிவந்ததையும் அவர் கண்டாரில்லை. எனினும், தம்மை அவ்வழியில் செலுத்தியவர் இன்னார் என்பதை ஐயர் மறந்தாரில்லை. தம் வரலாற்றை எழுதியபோது, முதலியாரைச் சந்தித்த அந்நாளைத் தம் வாழ்வில் ஒரு திருப்பமாகவே குறித்து நன்றி பாராட்டினார்.

முதலியார் வரலாற்றினின்று நாம் அறியத்தக்கது யாது? பாராட்டு என்பது இனிய சொற்களைப் பலபடச் சொல்லுதல் மாத்திரமன்று. குமாரபாளையத்துத் தறியில் நெய்தெடுத்த துணியை எடுத்துப் பாராமலே நன்று என்று சொல்லிப் போவோரால் நெசவாளிக்கு வரும் நன்மை ஒன்றுமில்லை. துணியை விரித்து, பாவும் ஊடையும் இயைந்த வகையை நோக்கி, இன்னும் நுண்ணிய நூலில் இவராலே நெய்ய இயலும் என்று சொல்லி நூலையும் கொடுத்துச் செல்பவரே அவர் தொழிலை வளர்ப்பவர். முன்னவர் சொல் செவியளவில் நிற்கும். பின்னவர் சொல் கையிற் சென்று தொழிலாகும். தகுதி அறியாது புகழ்வோர் புகழப்பட்டவரை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். தகுதியை அறிந்து, அதற்கேற்ற செயலைக் கொடுத்து, செய்யுந்தோறும் உடனிருந்து கேட்போர் அவரை உயர்த்துகின்றனர்.

இதனைச் செய்வதற்குப் பெரும்பதவி வேண்டுவதில்லை, பெருஞ்செல்வமும் வேண்டுவதில்லை. நூல் ஒன்றைப் படித்து முடித்த தோழன் அதன் கதையைச் சொல்ல வரும்போது இடைமறியாது கேட்கலாம். கேட்டபின், அவன் சிந்தனை மேலும் செல்லுமாறு ஒரு வினாவை வினவலாம். பாட்டியோ தந்தையோ தாம் அறிந்த தொழிலைப் பற்றிப் பேசும்போது அருகில் அமர்ந்து செவி கொடுக்கலாம். இளையோன் ஒருவன் கணக்கில் தவறினால், தவறாத வரியை முதலில் காட்டிவிட்டுப் பின்பு தவறிய வரியைக் காட்டலாம். இத்தகைய சிறு செயல்கள் யார் உள்ளத்தில் எவ்வாறு முளைத்துப் பயன் தரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. கும்பகோணத்தில் சிந்தாமணிப் பாடங் கேட்க அமர்ந்த இளம் நீதிபதியும், அதனால் விளையப்போவதை அன்று முற்றும் அறிந்திருக்க வழியில்லை. அவர் வினவினார், கேட்டார், வேண்டிய ஏட்டைக் கொடுத்தார். இன்று நாம் பள்ளியில் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் படிக்கும்போது, அவற்றைத் தேடித் தந்த சாமிநாதையரோடு, அவரைத் தேடத் தூண்டிய இராமசுவாமி முதலியாரையும் நன்றியோடு நினைத்தல் நம் கடனாகும்.