கடனைத் தீர்த்த எழுத்தாளர்

உலகைச் சிரிக்க வைத்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் (1835-1910) பண விஷயத்தில் ஏமாந்து போனார்! அச்சுக் கோக்கும் புது இயந்திரம் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டினார். மனைவியின் சொத்தும் அதில் கரைந்தது. இயந்திரமோ அடிக்கடி பழுதாகி நின்றது. 1894-ல் அவருடைய பதிப்பகமும் திவாலாயிற்று.

கடனில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கைகழுவ வழி இருந்தது. கணவனும் மனைவியும் அதற்கு இசையவில்லை. கணக்கு வழக்கை வியாபாரம் அறிந்த நண்பர் ரோஜர்ஸிடம் ஒப்படைத்தார். 1895-ல், 59 வயதில், சொற்பொழிவாற்றிப் பொருள் தேடப் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, இந்தியா, தென் ஆப்பிரிக்கா என்று சுற்றினார். மறு ஆண்டு, ஊர் திரும்புமுன் மகள் சூசி இறந்த செய்தி வந்தது. துயரத்தை அடக்கிக்கொண்டு எழுதினார். 1898-ல் கடன் முழுவதும் தீர்ந்தது!

காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். அவர் இழந்தது காசை மட்டுமே!