ஒரு பாட்டில் மருந்தும் பத்தொன்பது உயிரும்



கொரோனா சமயத்தில் கோவாக்சின் தயாரிக்க அனுமதி பெற்ற இடங்களில் ஒன்றாக, மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தின் பெயரைச் செய்தியில் படித்திருப்பீர்கள். யார் இந்த ஹாஃப்கின்? காலரா, பிளேக் இரண்டுக்கும் தடுப்பூசி செய்து நம் நாட்டில் லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றியவர். அதற்குப் பிறகு செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தவர். அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

வால்டெமர் ஹாஃப்கின் 1860-ல், அன்றைய ரஷ்யப் பேரரசில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒடெஸ்ஸாவில் மெச்னிகோவ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்தார். மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கும் என்ற நிலை, அவர் மாறவில்லை. ஜெனீவா போய், அங்கிருந்து பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். முதலில் கிடைத்தது நூலகத்தில் உதவியாளர் வேலைதான். புத்தகம் அடுக்கும் வேலை முடிந்த பிறகு கிருமிகளை ஆராய்ந்தார். 1892-ல் காலரா தடுப்பூசியைத் தயார் செய்து, ஜூலை 18 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார்.

மறு வருடமே கல்கத்தா வந்தார். காலரா அப்போது நம் ஊர்களை வாரிக்கொண்டு போன காலம். சேரிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ராணுவ முகாம்களிலும் சுற்றி, இரண்டரை வருடத்தில் சுமார் 42,000 பேருக்கு ஊசி போட்டார். இடையில் மலேரியா வந்து உடம்பு கெட்டு ஐரோப்பா திரும்பினார். குணமானதும் மறுபடி இங்கே வந்துவிட்டார்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அரசு அவரைத்தான் கூப்பிட்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஒரு அறையும் அதை ஒட்டிய நடையும். ஆட்கள் ஒரு கிளார்க்கும் மூன்று பியூன்களும். நம் பழைய கிளை அலுவலகங்களில்கூட இதைவிட ஆள் அதிகம்! இந்த வசதியை வைத்துக்கொண்டு மூன்றே மாதத்தில் தடுப்பூசி தயாராகிவிட்டது. கிருமியை ஒரு சாறில் வளர்த்தார். அது மேலே மிதந்து வளர, சாறின் மேல் சில துளி நெய் விட்டார். பிறகு சூடாக்கிக் கிருமியைக் கொன்றார். 1897 ஜனவரி 10 அன்று இதையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் இருந்தன, வேலையை நிறுத்தவில்லை.

வணிகவியல் படித்தவன் என்பதால் என்னை அதிகம் கவர்ந்தது அவருடைய கணக்கு. மருந்து பலித்ததா என்பதை அவர் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. 1898-ல் பரோடா அருகே உந்தேரா கிராமத்தில், ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி போட்டார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே எலித்தொல்லை. ஊசி மட்டும்தான் வித்தியாசம். பிளேக் புகுந்த 28 குடும்பங்களில், ஊசி போடாத 64 பேரில் 26 பேர் இறந்தார்கள். போட்டுக்கொண்ட 71 பேரில் 3 பேர். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று யாரும் சரிபார்க்கலாம். அந்த 3 பேரையும் அவர் மறைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி அந்தப் பாட்டில் கதைக்கு வருகிறேன்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று ஐந்து பாட்டில்களிலிருந்து 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். நான்கு பாட்டில்களில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 53-என் என்ற ஒரு பாட்டிலில் போட்டவர்கள் 19 பேர். அத்தனை பேரும் டெட்டனஸ், அதாவது ரணஜன்னி வந்து இறந்தார்கள்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு, வெப்பத்தால் மட்டும் கிருமி நீக்கும் முறைக்கு ஹாஃப்கின் மாறியிருந்தார். வேகமான முறை; பாரிஸிலும் நடைமுறையில் இருந்தது. ஆனாலும் தவறு பம்பாய் ஆய்வுக்கூடத்தில்தான் என்று குழு சொல்லிவிட்டது. பதவி போனது. 1904-ல் இந்தியாவை விட்டே போனார்.

உண்மையில் நடந்தது என்ன? கிராமத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அதைச் சரியாகக் கிருமி நீக்காமலே எடுத்து மூடியைத் திறந்திருக்கிறார். டெட்டனஸ் கிருமியின் வித்து இருக்கும் இடமே மண்தான். மருந்து கெட்டது பம்பாயிலேயே என்றால், வந்து சேர்வதற்குள் கிருமி பெருகி நாற்றமெடுத்திருக்கும். திறந்தபோது நாற்றம் இல்லை. கிருமியின் விஷம் முன்பே ஊறியிருந்தால் நோயும் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். இவை எல்லாம் விசாரணைப் பதிவுகளிலேயே இருந்தன. படித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

மலேரியாவுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் உட்படப் பத்து விஞ்ஞானிகள் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கையெழுத்திட்டு எழுதினார்கள். அந்த வருடக் கடைசியில் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று ஆயிற்று. ஐந்து வருடம் ஓடிவிட்டது.

மறுபடி இந்தியா வந்தார். ஆனால் தான் உண்டாக்கிய பம்பாய் ஆய்வுக்கூடத்தின் தலைமை நாற்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் வேலை பார்த்து, 55 வயதில் ஓய்வு பெற்றார். 1925-ல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதற்குள் அங்கிருந்து 2 கோடியே 60 லட்சம் டோஸ் பிளேக் தடுப்பூசி போயிருந்தது. 1930-ல் சுவிட்சர்லாந்தில் லொசானில் காலமானார். 1964-ல் நம் தபால் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. தடுப்பூசியால் ஒருவருக்கு ஆபத்து என்று நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தால், உடனே நான்கு பேருக்கு அனுப்பாதீர்கள். எந்த மருந்து, எந்தப் பாட்டில், திறந்தது யார், எப்படித் திறந்தார்கள் என்று கேளுங்கள். அந்த 19 குடும்பங்களின் துக்கம் உண்மை. அதற்குக் காரணத்தைத் தவறான இடத்தில் தேடியதில், இடுக்கியைச் சுத்தம் செய்யும் பாடம் ஐந்து வருடம் தள்ளிப்போனது.

இன்னொன்று. சிறுசேரியில் எங்கே திரும்பினாலும் கட்டட வேலை. ஆணியும் கம்பியும் காலில் குத்தாத வீடு குறைவு. ஆபத்து துருவில் இல்லை, அதில் ஒட்டியிருக்கும் மண்ணில்தான். பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டெட்டனஸ் ஊசியைத் தவற விடாதீர்கள். நம் வயதுக்காரர்கள் கடைசியாக எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். நினைவில்லை என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டுவிடுங்கள்.